அடுத்து பேனலைத் திறப்பவர்

1

பழைய மிஷின் ஒன்றில் பிஎல்சி செத்துப்போகிறது. டச் ஸ்கிரீனும் மங்கிப்போய்ப் பல நாளாகிறது. இரண்டுக்கும் பதில் என்ன வாங்கிப் போடுவது? கேட்பதற்கு இது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, விலையையும் டெலிவரி நாளையும் பார்த்து, ஒருவருக்கு ஆர்டர் போட்டால் முடிந்தது. இதில் தத்துவத்துக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். தேர்வு செய்பவர் ஒருவர். காசு கொடுப்பவர் இன்னொருவர். அந்த ஸ்கிரீனோடு தினமும் பன்னிரண்டு மணி நேரம் மல்லுக்கட்டப் போகிறவர் வேறொருவர். பதினைந்து வருடம் கழித்து மிஷின் மறுபடி நிற்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பேனலைத் திறந்து பார்க்கப் போகிறவர் நான்காவது ஆள். அவர் இன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். பேச்சுவார்த்தையில் இருப்பது முதல் இரண்டு பேர். முடிவின் பெரும்பகுதி விழுவது மற்ற இரண்டு பேர் தலையில். ஒருவர் எடுக்கிற முடிவை இன்னொருவர் சுமக்க வேண்டியிருக்கிற இடத்திலெல்லாம், நாம் கூப்பிடாமலே அறம் பற்றிய கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிஎல்சி என்பதைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்சாலை மிஷினின் மூளை அது. சென்சார்கள் சொல்வதைக் கேட்கும், தனக்குள் எழுதியிருக்கும் விதிகளைப் பார்க்கும், மோட்டாரையோ வால்வையோ இயக்கும். சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை இதையே சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும். டச் ஸ்கிரீன் அதன் முகம்.

இந்தப் பெட்டி பிறந்த கதையிலேயே நான் பேச வந்த விஷயம் இருக்கிறது. 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்களால் நிறைந்த பேனல்களுக்கு மாற்று ஒன்று வேண்டும் என்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் அந்தப் பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்தது. டிக் மார்லியும் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸில் இருந்த அவரது சகாக்களும் உருவாக்கியது மோடிகான் 084. அவர்களுடைய 84ஆவது புராஜெக்ட் என்பதால் அந்த எண். அதற்குப் புரோகிராம் எழுதும் முறையை ரிலே சர்க்யூட் படத்தைப் போலவே வைத்தார்கள். இடமும் வலமும் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவில் ஏணிப்படிகள் மாதிரி வரிகள். லேடர் லாஜிக் என்று பெயர். கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொள் என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் எலெக்ட்ரீஷியனின் மொழியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நல்லெண்ணத்தால் மட்டும் செய்த காரியம் இல்லை இது. பராமரிப்பு ஆட்களுக்குப் புரியாத ஒன்றை எந்த ஆலை வாங்கும்? ஆனாலும் வடிவமைக்கும்போதே, ‘இதை நாளைக்குத் திறந்து பார்க்கப் போகிறவன் யார், அவனுக்கு என்ன தெரியும்’ என்று யோசித்திருக்கிறார்கள். அன்றாட மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு அந்த யோசனை மேல் பொறாமை. எங்கள் துறையில் அது அபூர்வம்.

2

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மிஷின். வயது இருபதுக்கு மேல். துணியைக் கயிறு மாதிரி உள்ளே விட்டு, இரண்டு முனைகளையும் தைத்து வளையமாக்கி, சாயத் தண்ணீரோடு சுற்ற விடுவார்கள். தண்ணீர் 130 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டிலும் அது ஆவியாகாமல் இருக்க வேண்டுமானால் அழுத்தத்தில் அடைபட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி என்று நிதானமாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும்.

இந்த மிஷினின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு இன்னும் இருபது வருடம் தாங்கும். பம்ப்பை ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாம். மூளைக்குத்தான் வயதாகிவிட்டது. பழைய பிஎல்சி மாடல்கள் பலவற்றில் புரோகிராம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் மெமரியில் உட்கார்ந்திருக்கும். பேட்டரி தீர்ந்த நேரத்தில் கரண்டும் போனால் புரோகிராமும் போச்சு. உள்ளே இருப்பதை எடுத்துப் படிக்கலாம் என்றால் அதற்குரிய கேபிள், பழைய விண்டோஸ் ஓடும் லேப்டாப், விற்பனை நின்றுபோன சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டும்.

தீசியஸின் கப்பலைப் பற்றித் தத்துவ மாணவர்கள் கேட்பார்கள்: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால் அது அதே கப்பலா? இது அதே மிஷினா என்ற கேள்வி பட்டறையில் யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. பழைய மிஷினுக்குத் தெரிந்திருந்த எது புது மிஷினுக்குத் தெரியாமல் போகப்போகிறது? அங்கே உறைக்க வேண்டிய கேள்வி இதுதான்.

தேர்வில் ஒரு பகுதி சுத்தமான தொழில்நுட்பம். எத்தனை இன்புட், எத்தனை அவுட்புட், 24 வோல்ட் டிசியா 110 வோல்ட் ஏசியா, சென்சார்கள் ஜப்பானிய மிஷின்களில் வழக்கமான என்பிஎன் வகையா ஐரோப்பிய மிஷின்களில் வழக்கமான பிஎன்பி வகையா, அனலாக் சிக்னல் எத்தனை என்று எண்ண வேண்டும். இவற்றில் தப்புப் பண்ணினால் மிஷின் ஓடாது. ஓடாததால் தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே சரிசெய்துவிடுவார்கள். நான் கவலைப்படுகிற தப்புகள் வேறு ரகம். அவற்றைச் செய்தாலும் மிஷின் ஓடும். முதலாளி திருப்தியாகக் கையெழுத்துப் போடுவார். பில் பாஸாகிவிடும்.

3

அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டரை உதாரணமாக எடுப்போம். இத்தகைய கருவிகள் பொதுவாக 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் சேதி சொல்லும். அழுத்தமே இல்லை என்றால் 4, முழு அழுத்தம் என்றால் 20. ஏன் 0இலிருந்து ஆரம்பிக்கவில்லை? கம்பி அறுந்துபோனாலும் 0தான் வரும் என்பதால். ‘அழுத்தம் இல்லை’ என்று சொல்வதும் சொல்ல ஆளே இல்லாமல் போவதும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக அந்த 4. நான் பார்த்த பொறியியல் யோசனைகளில் மனிதர்களுக்கும் பொருந்துகிற ஒன்று இது. புகார் வரவில்லை என்பதால் குறை இல்லை என்று அர்த்தமில்லை. புகார் சொல்லும் கம்பி அறுந்திருக்கலாம்.

இப்போது புது பிஎல்சியில் புரோகிராம் எழுதுகிறவர், 4க்குக் கீழே போனால் அலாரம் என்று ஒரு வரி எழுத மறந்துவிடுகிறார் என்று வையுங்கள். அல்லது செலவு குறையட்டும் என்று 0இலிருந்து 10 வோல்ட் வரை சொல்லும் டிரான்ஸ்மிட்டராக மாற்றிவிடுகிறார். மிஷின் ஓடும். சாயம் நன்றாக ஏறும். ஒரு நாள் அந்தக் கம்பி அறுந்தால், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் ‘அழுத்தம் பூஜ்யம்’ என்று காட்டும். மூடியைத் திறக்கலாம் என்ற அனுமதி அந்த எண்ணை மட்டும் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி மிஷின்களில் வெப்பம் சுமார் 80 டிகிரிக்கு இறங்கி, அழுத்தமும் இல்லை என்றான பிறகே மூடி திறக்கும்படி பூட்டு வைத்திருப்பார்கள். பழைய மிஷினில் அதில் ஒரு பகுதி வெறும் வயரிங்காக, ஒரு பிரஷர் ஸ்விட்சும் ரிலேவுமாக இருக்கலாம். புது பேனல் செய்கிறவருக்கு அது அசிங்கமாகத் தெரியும். எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் செய்துவிடலாமே என்று தோன்றும்.

கனடாவின் தெராக்-25 கதிர்வீச்சு சிகிச்சைக் கருவிக்கு நேர்ந்தது இதுதான். அதற்கு முந்தைய தெராக்-20இல் தவறான கதிர்வீச்சைத் தடுக்கத் தனி மின்சுற்றுகள் இருந்தன. புதிய மாடலில் அந்தப் பொறுப்பைச் சாஃப்ட்வேரிடம் விட்டார்கள். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மிக அதிகமான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். பிறகு தேடியபோது அதே சாஃப்ட்வேர்க் குறை பழைய மாடலிலும் இருந்தது தெரிந்தது. அங்கே அது யாரையும் கொல்லவில்லை. ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். பழைய கருவியின் ‘அசிங்கமான’ வயரிங் யாருக்கும் தெரியாமல் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தான் காப்பாற்றுகிறேன் என்று அது யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் எடுத்துவிட முடிந்தது.

டச் ஸ்கிரீனுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் பத்து மாலுமிகள் இறந்தார்கள். கப்பலை ஓட்டும் கட்டுப்பாடு ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு மாறியிருந்தது. அங்கிருந்தவர்கள் ஸ்டியரிங்கே போய்விட்டது என்று நினைத்தார்கள். இரண்டு இன்ஜின்களையும் சேர்த்துக் குறைக்கிறோம் என்று நினைத்தபோது ஒன்று மட்டும் குறைந்தது. கையால் பிடித்து இழுக்கும் நெம்புகோலாக இருந்திருந்தால் இரண்டும் எங்கே நிற்கின்றன என்பது கைக்கே தெரிந்திருக்கும். விசாரணைக்குப் பிறகு, 2019இல், அந்த ரகக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டைத் தொடுதிரையிலிருந்து மறுபடி நெம்புகோலுக்கே மாற்றப்போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.

ஆகவே எமர்ஜென்சி ஸ்டாப் டச் ஸ்கிரீனுக்குள் போகக் கூடாது. சிவப்புக் காளானாக வெளியே நிற்க வேண்டும்; கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும். பேனல் செய்யும் எவருக்கும் இது தெரிந்த விதி. ஒரு படி மேலே போய், ஈரக் கையோடும் கையுறையோடும் வேலை செய்கிறவர் அடிக்கடி தொடும் நான்கைந்து பட்டன்களாவது பட்டன்களாகவே இருக்கட்டும் என்பேன். ஸ்கிரீன் அழகாக இருப்பது வாங்குகிறவருக்கு. பட்டன் இருப்பது ஓட்டுகிறவருக்கு.

4

பழைய புரோகிராம் எப்படியோ கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கமென்ட் எதுவும் இல்லை. நடுவில் ஒரு வரி: பம்ப் ஆன் ஆன பிறகு ஏழு விநாடி கழித்துத்தான் ரீல் சுற்ற வேண்டும். மூன்று விநாடி போதுமே, இதென்ன ஏழு? புதிதாக எழுதுகிறவர் மூன்று என்று மாற்றிவிடுவார். ஒரு பேட்சுக்கு நான்கு விநாடி லாபம்.

வேலியின் காரணம் தெரியாமல் அதைப் பிடுங்காதே என்பது செஸ்டர்டனின் பெயரால் அறியப்படும் வாதம். பட்டறையில் அந்த வாதத்துக்கு ஒரு நல்ல வசதி உண்டு. வேலி ஏன் என்று தெரிந்தவர் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்பார். ஆபரேட்டரிடம் கேட்டால் சொல்வார்: “அது இந்த மிஷினுக்கு மட்டுந்தானுங்க. இதுல பம்ப்பு தண்ணி புடிக்க நேரமாகும். அதுக்கு முன்னால ரீலு சுத்துச்சுன்னா துணி சிக்கிக்கும்ங்க.” ஏழு விநாடி என்பது புரோகிராமில் இருந்தது. ஏன் ஏழு என்பது அவரிடம் இருந்தது.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை என் துறையில் பலமுறை திரும்பத் திரும்பப் படிக்கப்படுவது. புரோகிராம் என்பது எழுதப்பட்ட வரிகளில் இல்லை, அதை எழுதியவர்கள் மனத்தில் இருக்கும் புரிதலில் இருக்கிறது என்பது அவர் வாதம். அந்த ஆட்கள் கலைந்துபோனால் புரோகிராம் செத்துவிடுகிறது, வரிகள் ஓடிக்கொண்டிருந்தாலும். நௌர் சொன்னது புரோகிராமர்களைப் பற்றி. எழுதியவர் எப்போதோ போய்விட்ட ஒரு மிஷினில் அந்தப் புரிதலின் கடைசித் துண்டு ஆபரேட்டரிடம் தங்கியிருக்கிறது என்று நான் சேர்த்துக்கொள்வேன். அவருக்குப் புரோகிராம் படிக்கத் தெரியாது. ஆனால் புரோகிராம் எதை நம்பி எழுதப்பட்டதோ அது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் அவரைக் கேட்பது வெறும் மரியாதையோ நல்ல நடைமுறையோ மட்டும் இல்லை. அவரிடமிருந்து எடுத்த அறிவால்தான் புது மிஷின் ஓடப்போகிறது. எடுத்ததை எடுத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். நடைமுறையில் கொட்டேஷன் பேசும்போது அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடுவதில்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் எழுதிய ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்’ நூல் இதற்கு ஒரு பின்கதை தருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லேத், மில்லிங் மிஷின்களைத் தானியங்கியாக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேர்ந்த தொழிலாளி முதல் பொருளைச் செய்யும்போது அவர் கையசைவுகளை டேப்பில் பதிந்து பிறகு ஓட விடுவது. இன்னொன்று, எஞ்சினியர் அறையில் எண்களாக எழுதி மிஷினுக்கு அனுப்புவது. இரண்டாவதுதான் ஜெயித்தது. தொழில்நுட்ப மேன்மை மட்டும் அதற்குக் காரணம் இல்லை, வேலையின் மீதான கட்டுப்பாடு தொழிலாளியின் கையிலிருந்து நிர்வாகத்துக்குப் போக வேண்டும் என்ற விருப்பமும் காரணம் என்கிறார் நோபிள். நம் டச் ஸ்கிரீனில் எந்த எண்ணை ஆபரேட்டர் மாற்றலாம், எதற்கு பாஸ்வேர்ட் வைக்கலாம் என்று முடிவு செய்யும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய சண்டையில் ஒரு பக்கம் நாமும் நிற்கிறோம்.

ஸ்கிரீனின் மொழியும் இதில் சேரும். திருப்பூரில் இன்று மிஷின் ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இப்போது கிடைக்கும் டச் ஸ்கிரீன்களில் சாதாரண மாடல்களில்கூட ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் எழுத்துகளைக் காட்ட முடியும். இருந்தும் அலாரம் ஆங்கிலத்தில் ‘ஃபால்ட் 17’ என்று வருகிறது. ஃபால்ட் 17 என்றால் என்ன என்று மெக்கானிக்குக்கு போன் போட வேண்டும். ‘மூடியைத் திறக்காதே, உள்ளே அழுத்தம் இருக்கிறது’ என்று இந்தியிலும் தமிழிலும் எழுதிவைக்க ஒரு நாள் வேலை ஆகும். அந்த ஒரு நாளை யாரும் கொட்டேஷனில் போடுவதில்லை. கேட்பவர் இல்லை என்பதுதான் காரணம்.

5

இனி பாஸ்வேர்ட். பழைய மிஷின்களுக்குப் புது பேனல் செய்துகொடுக்கும் சிறு எஞ்சினியர்கள் கோவை வட்டாரத்தில் நிறைய. அவர்களில் பலர் பிஎல்சியிலிருந்து புரோகிராமைத் திரும்ப எடுக்க முடியாதபடி பூட்டிவிடுவார்கள். பிறகு ஒரு டைமரை மாற்ற வேண்டுமென்றாலும் அவர்தான் வர வேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால், வெளிநாடு போய்விட்டால், இறந்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் பிஎல்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை அயோக்கியத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய புரோகிராமை, முதலாளி அடுத்த மாதமே இன்னொருவரிடம் கொடுத்துப் பத்து மிஷினுக்குக் காப்பி போட்டுக்கொள்வார். பேலன்ஸ் பணம் ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம் தம்பி’ என்று மாதக்கணக்கில் இழுக்கும். கோர்ட்டுக்குப் போகும் வசதி அந்த எஞ்சினியருக்குக் கிடையாது. பாஸ்வேர்ட்தான் அவருடைய ஒரே வக்கீல்.

எனக்கு இந்த வாதத்தில் பாதி சரியாகப் படுகிறது. உழைப்புக்குக் கூலி வரும்வரை பூட்டி வைப்பது ஒரு தற்காப்பு. கூலி வந்த பிறகும் பூட்டியே வைப்பது வேறு. அப்போது அவர் விற்றது புரோகிராமை இல்லை. தன்னைச் சார்ந்திருக்கும் நிலையை விற்றிருக்கிறார், வாங்கியவருக்குத் தெரியாமல். அந்தப் பூட்டின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் பணத்தை இழுத்தடித்த முதலாளிகூட இல்லை. நடு ராத்திரியில் மிஷின் நின்று, பாதிச் சாயத்தில் துணி ஊறிக்கொண்டிருக்க, திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன். எஞ்சினியருக்கும் முதலாளிக்கும் இடையிலான கணக்கில் அவர் எந்தப் பக்கமும் இல்லை.

இந்தப் பூட்டு பெரிய அளவில் எப்படி இருக்கும் என்பதற்குப் போலந்தில் ஓர் உதாரணம் கிடைத்தது. வேறு நிறுவனத்தின் பட்டறையில் பராமரிப்புக்கு விடப்பட்ட ரயில்கள் காரணமில்லாமல் கிளம்ப மறுத்தன. அவற்றின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்த ஹேக்கர்கள், போட்டிப் பட்டறைகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் எண்கள் அதற்குள் இருந்ததாக 2023 டிசம்பரில் வெளியே சொன்னார்கள். ரயிலைத் தயாரித்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உண்மை எதுவாக இருந்தாலும், இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்பதே போதும். நாம் வாங்கும் பொருளுக்குள் நமக்கு எதிராக ஒரு வரி உட்கார்ந்திருக்கலாம்.

பிராண்டைத் தேர்வு செய்வதிலும் இதே கேள்விதான். எவரைச் சார்ந்து இருக்கப்போகிறோம், எவ்வளவு காலத்துக்கு? பிஎல்சியும் ஸ்கிரீனும் ஒரே பெட்டியாக வருவது விலை குறைவு. ஸ்கிரீன் உடைந்தால் மூளையும் போகும். தனித்தனியாக வாங்கி இரண்டையும் மோட்பஸ் மாதிரி திறந்த மொழியில் பேச வைத்தால், நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றலாம். மோட்பஸை மோடிகான் வெளியிட்டது 1979இல். இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, காரணம் எவர் வேண்டுமானாலும் பயன்படுத்த விட்டதுதான். புரோகிராம் போடும் சாஃப்ட்வேர் இலவசமா, உள்ளூரில் நாலு பேருக்காவது அந்த பிராண்ட் தெரியுமா, ஸ்பேர் பார்ட் கோவையிலேயே கிடைக்குமா என்று கேட்பதும் அறம் சார்ந்த கேள்விகள்தான், பார்க்கச் சில்லறைக் கேள்விகளாக இருந்தாலும்.

6

இதற்கெல்லாம் ஒரு பதில் உண்டு, அது நியாயமான பதிலும்கூட. “கட்டுப்படியாகாதுங்க.” ஜாப் ஒர்க் ரேட் ஏறவில்லை, பேங்க் வட்டி ஓடுகிறது, மிஷின் நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். பதினைந்து வருடம் கழித்து வரப்போகிற, பெயர் தெரியாத எலெக்ட்ரீஷியனுக்காக இன்றைக்கு ஏன் அதிகம் செலவழிக்க வேண்டும்?

விலை உயர்ந்த பிஎல்சிதான் அறமானது என்று நான் சொல்லவில்லை. மலிவான ஒன்று போதும் என்றால் அதுவே சரி. அதைத் திறந்து வைத்திருந்தால் இன்னும் சரி. மேலே சொன்னவற்றைத் திரும்பப் பார்த்தால், உண்மையில் காசு கேட்பவை கொஞ்சம்தான். பழைய பிரஷர் ஸ்விட்சை எடுக்காமல் விடச் செலவில்லை. 4க்குக் கீழே போனால் அலாரம் என்று எழுத ஐந்து நிமிடம். ஆபரேட்டரோடு ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டால் ஏழு விநாடியின் காரணம் தெரியும். பணம் முழுதாக வந்த அன்றைக்கு பாஸ்வேர்டை எடுத்துவிடுகிறேன் என்று ஆர்டரிலேயே ஒரு வரி எழுதலாம்; முதலாளியும் அந்த ஒரு வரிக்காகவாவது சீக்கிரம் பணம் கொடுப்பார். பற்றாக்குறை பணத்தில் இல்லை. இந்த ஆட்கள் யாரும் நம் கண்முன் இல்லை, அவர்களை நினைத்துப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இல்லை. அதுதான் பற்றாக்குறை.

இன்னொன்றும் உண்டு. இப்படிச் செய்ததற்கு நன்றி வராது. வெடிக்காத மூடியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் பழுது கண்டுபிடித்த எலெக்ட்ரீஷியன், கமென்ட் எழுதியவர் யார் என்று தேடப் போவதில்லை. கைமாறு வராது என்று தெரிந்தே செய்வதுதான் கடமையின் அடையாளம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாம் ஒவ்வொருவரும் என்றோ ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் மூடிவைத்துவிட்டுப் போன பேனலைத் திறந்திருக்கிறோம். கோடாக இருக்கலாம், வீட்டு வயரிங்காக இருக்கலாம், தாத்தா விட்டுப்போன பத்திரக் கட்டாக இருக்கலாம். அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

பேனல் கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருப்பார்கள், டிராயிங் வைப்பதற்கு. பெரும்பாலும் காலியாக இருக்கும். அதில் வயரிங் படத்தின் ஒரு பிரதி, புரோகிராம் இருக்கும் ஒரு பென் டிரைவ், எந்த சாஃப்ட்வேரின் எந்த வெர்ஷனில் அது திறக்கும் என்ற குறிப்பு, பேட்டரி மாற்றிய தேதி, ‘ரீல் ஏழு விநாடி: பம்ப் தண்ணீர் பிடிக்க வேண்டும், குறைக்காதீர்கள்’ என்று ஒரு வரி. கையால் எழுதினாலும் போதும். தண்ணீர் படாமல் லேமினேட் செய்துவிட்டால் நல்லது.